கேட்குமுன் சொல்லிவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, தெற்கே அம்பாறைப் பக்கம் என்று சங்கம், தொண்டு நிறுவனம், ஆலை, கோயில் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்கள் எழுதிய கடிதங்கள் இம்முறை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. தெரிந்ததை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது? நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நான் தலைவராகி எட்டு மாதம். சங்கக் காசில் ஒரு ரூபாயைத் தொட்டதில்லை. ஆனாலும் தேத்தண்ணிக் கடையில் "காசு எங்க போகுது" என்ற கதைதான். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறோம். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?
– சங்கத் தலைவர், களுவாஞ்சிகுடிப் பகுதி

பதில்: வருடக் கணக்கு மட்டும் போதாது. பன்னிரண்டு மாதக் கணக்கை ஒரே மூச்சில் வாசிக்கும்போது கேட்பவர் காதில் இலக்கங்கள் விழும், கணக்கு விழாது. போன மாசியில் வாங்கிய சீமெந்தைப் பற்றி இந்த மாசியில் எழும்பிக் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டால் தலைவரைச் சந்தேகிக்கிறார் என்று ஆகிவிடும். அதனால்தான் கேள்வி மண்டபத்தில் எழாமல் தேத்தண்ணிக் கடையில் எழுகிறது.

மாதம் ஒரு பக்கம் எழுதி ஒட்டுங்கள். சங்கக் கட்டடத்துப் பலகையில் ஒன்று, சனம் தினமும் போய்வரும் கடையிலோ வாசிகசாலையிலோ ஒன்று, வாட்ஸ்அப் குழு இருந்தால் அதில் ஒரு படம். ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதிக்குள் என்று நாளைக் குறித்துவிட்டு, கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதத்திலும் ஒட்டுங்கள். பக்கம் இப்படி இருந்தால் போதும்:

தொடக்கக் கையிருப்பு 18,450. வரவு: சந்தா 62 பேர், தலைக்கு 100, ஆக 6,200, மண்டப வாடகை 3 நாள், நாளுக்கு 2,500, ஆக 7,500. மொத்தம் 32,150. செலவு: மின்சாரம் 2,140; சீமெந்து 3 பை 6,300, வவுச்சர் இலக்கம் 41; கூட்டத் தேநீர் 860. மொத்தச் செலவு 9,300. மீதி 22,850. அதில் வங்கியில் 20,850, பெட்டியில் 2,000.

கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். மீதி எவ்வளவு என்று எல்லாரும் எழுதுவார்கள், அது எங்கே இருக்கிறது என்று எழுதமாட்டார்கள். சந்தேகம் பிறக்கும் இடம் அதுதான். வங்கிப் புத்தகத்தின் அந்த மாதப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால், எழுதியதைச் சரிபார்க்க யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை.

இனி உள்ளே. சங்கங்களில் கணக்குக் குழம்புவதற்குப் பெரும்பாலும் திருட்டு காரணமில்லை, ஒரு பழக்கமே காரணம்: சேர்ந்த காசை வங்கியில் போடாமல் கையிலிருந்தே செலவுக்குக் கொடுப்பது. வாடகை 7,500 வருகிறது, அதிலிருந்து மேசனுக்கு 5,000 போகிறது, 2,500 மட்டும் வங்கிக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்து வங்கிப் புத்தகமும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் ஒன்றோடொன்று பேசாது. வந்த காசு முழுவதும் முதலில் வங்கிக்குப் போக வேண்டும். செலவு காசோலையால், அல்லது சில்லறைப் பெட்டியால். பெட்டிக்கு 2,000 என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். எந்த நேரத்தில் திறந்தாலும் உள்ளே இருக்கும் காசும் செலவுச் சீட்டுகளும் சேர்ந்து 2,000 வர வேண்டும். மாதமுடிவில் சீட்டுகளை எடுத்துப் பதிந்து, அந்தளவு காசை மட்டும் திரும்ப நிரப்புங்கள்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் இலக்கம் அச்சிட்டதாகவும் கார்பன் பிரதி உள்ளதாகவும் இருக்கட்டும். ஒன்று முடியாமல் அடுத்ததைத் திறக்க வேண்டாம். பிழைத்த சீட்டைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே விடுங்கள். காசு வாங்குபவர், பதிபவர், காசோலையில் ஒப்பமிடுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. பொருளாளர் தூரத்தில் இருக்கிறார் என்று வெற்றுக் காசோலையில் முன்கூட்டி ஒப்பம் வாங்கி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு ஒப்பம் என்ற காவல் அந்தக் கணமே போய்விடுகிறது.

உங்கள் மச்சானின் கடையில் சீமெந்து வாங்குவது குற்றமில்லை, சொல்லாமல் வாங்குவதுதான் பிழை. மூன்று கடையில் விலை கேளுங்கள். கூட்டத்தில் "இந்தக் கடை என் மச்சானுடையது" என்று சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் நேரம் வெளியே நில்லுங்கள். நீங்கள் சொன்னதும் வெளியே போனதும் கூட்டறிக்கையில் எழுதப்பட வேண்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த உறவுதானே என்று விடாதீர்கள். தெரிந்த உறவைத் தலைவர் தன் வாயால் சொன்னாரா என்பதைத்தான் சனம் பார்க்கும்.

முதல் பக்கத்திலேயே ஒரு பிழையையும் எழுதுங்கள், இருந்தால். "மின்கட்டணம் இரண்டு தடவை கட்டப்பட்டது, அடுத்த பட்டியலில் கழிபடும்" என்ற ஒரு வரி, பிழையே இல்லாத பத்துப் பக்கத்தைவிடக் கூடுதலாக நம்பப்படும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 18 பேர் வேலை செய்கிறார்கள். பிரதான நிதி டிசம்பர் 31 உடன் நிற்கிறது என்று போன வாரம் அறிவித்திருக்கிறார்கள். வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், முடிவு ஒக்டோபரில் தெரியும். இப்போதே சொன்னால் நல்ல ஆட்கள் போய்விடுவார்கள், ஒக்டோபர் வரை பொறுப்போம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். எப்போது சொல்வது?
– பணிப்பாளர், மட்டக்களப்பு நகரம்

பதில்: இந்தக் கிழமையே.

நீங்கள் பேசாமல் இருக்கும் நாட்களிலும் உங்கள் ஊழியர்கள் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுப்பார், ஒருவர் நகைக் கடனை மீட்காமல் வீட்டுக்கு அத்திவாரம் போடுவார், இன்னொருவர் வேறு இடத்து வேலைக்கு வந்த அழைப்பை வேண்டாம் என்பார். அடுத்த மாதம் ஒரு களப்பணியாளர் உங்கள் மேசைக்கு வந்து வங்கிக் கடனுக்குச் சம்பள உறுதிக் கடிதம் கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி நிற்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே அதில் ஒப்பமிடுவீர்களா? ஒப்பமிட்டால் அதுவரை மௌனமாக இருந்தது பொய்யாகிவிடும். ஒப்பமிட மறுத்தால் ஒருவருக்கு மட்டும் செய்தி போய்விடும்.

அதோடு, பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த வருட வரவுசெலவுப் படிவம் வரவில்லை என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியும். நிதி கொடுப்பவர்களின் வருகை தள்ளிப்போனது சாரதிக்குத் தெரியும். நீங்கள் சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பும், அதில் எப்போதும் மோசமான பக்கம்தான் பெரிதாக இருக்கும்.

நல்ல ஆட்கள் போவார்கள் என்பது உண்மைதான், சிலர் போவார்கள். ஆனால் காதால் கேள்விப்பட்டுப் போகிறவர் மாதக் கடைசியில் கடிதத்தை வைத்துவிட்டுப் போவார். உங்கள் வாயால் கேட்டவர் "நொவம்பர் வரை இருக்கிறேன், அறிக்கையை முடித்துத் தருகிறேன்" என்று திகதி பேசுவார்.

முதலில் நிருவாக சபை கூடி ஒரு தீர்மானம் எடுக்கட்டும். பிறகு 18 நியமனக் கடிதங்களையும் எடுத்து மேசையில் வையுங்கள். ஒப்பந்தக் காலம் முடிவதும், காலம் இருக்கும்போது இடையில் நிறுத்துவதும் சட்டத்தின்முன் ஒன்றல்ல. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்கப் பிரச்சினை தவிர்ந்த காரணத்துக்காக நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. உங்களிடம் 18 பேர் இருப்பதால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் இப்போதே பேசிவிடுங்கள். அனுமதிக்குக் காலம் எடுக்கும். டிசம்பரில் போய் நின்றால் பிந்திவிடும்.

பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். எல்லாரும் என்றால் சாரதி, காவலாளி, துப்புரவு செய்யும் அக்கா உட்பட. வாகரையில் கள அலுவலகம் இருந்தால் அங்கே இருப்பவர்களும் அதே மணிக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டும். நெருங்கிய இருவருக்கு முதல்நாள் இரவு சொல்லிவிட்டால், மறுநாள் கூட்டத்தில் யாருக்கு முன்பே தெரியும் என்பதை மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை நல்லது. வெள்ளி பின்னேரம் சொன்னால் இரண்டு நாள் வீட்டில் இருந்து மறுகுவார்கள், கேட்க ஆள் இருக்காது.

பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வீர்கள் என்ற மூன்றும் போதும். இப்படிச் சொல்லலாம்: "பிரதான நிதி டிசம்பர் 31 உடன் முடிகிறது. இது முடிவான செய்தி. 18 பேரின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், கிடைக்கும் என்று வாக்குத் தர என்னால் முடியாது. இரண்டும் கிடைத்தாலும் 18 பேரையும் வைத்திருக்கப் போதாது. டிசம்பர் வரை சம்பளத்துக்கு வங்கியில் காசு இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் செவ்வாய்க்கிழமை நிலைமையைச் சொல்வேன்." பிறகு கேள்விக்கு ஒரு மணித்தியாலம் இருங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்ற திகதியையும் சொல்லுங்கள்.

"ஒண்டும் யோசிக்க வேணா, நான் இரிக்கன்தானே" என்ற வார்த்தை வாயில் வரும். எங்கள் பக்கத்தில் அன்பான ஆள் அப்படித்தான் பேசுவார். இந்த இடத்தில் அதைச் சொல்லிவிடாதீர்கள். கேட்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சொன்னதை அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதிர்ச்சியில் இருப்பவருக்குப் பாதிதான் காதில் ஏறும். அந்தக் கிழமைக்குள் ஒவ்வொருவரையும் கால் மணித்தியாலம் தனியே சந்தித்து அவருடைய கணக்கைக் கையில் கொடுங்கள்: ஒப்பந்தம் முடியும் திகதி, மீதி விடுமுறை, ஊழியர் சேமலாப நிதி எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது, பணிக்கொடை எவ்வளவு. ஐந்து வருடம் பூர்த்தியானவருக்குப் பணிக்கொடை, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். 60,000 ரூபாய் சம்பளத்தில் 7 வருடம் வேலை செய்தவருக்கு 30,000 ஐ ஏழால் பெருக்க 2,10,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்தத் தொகை வங்கியில் தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் உங்கள் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3 வீதமும் மாதாமாதம் போயிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் சேமலாப நிதிக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். ஊழியரின் சம்பளத்தில் கழித்த காசைக் கட்டாமல் வைத்திருந்தது வேறு வாயால் வெளிவந்தால், நீங்கள் அதுவரை பேசிய நல்ல பேச்சு ஒன்றும் நிற்காது.

புதிய செய்தி இல்லாத செவ்வாயிலும் கூடுங்கள். "போன தடவைக்குப் பிறகு ஒன்றும் மாறவில்லை" என்பதும் செய்திதான். பயனாளிக் குழுக்களையும் பிரதேச செயலகத்தையும் மறந்துவிட வேண்டாம். ஜனவரியில் கோழிக்குஞ்சு வரும் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கும் இந்தச் செய்தி உரியது.

கேள்வி: தலைவர் என்றால் எல்லாவற்றையும் வெளியில் சொல்லிவிட வேண்டுமா? எங்கள் அலுவலகத்தில் ஒருவர்மேல் விசாரணை நடக்கிறது, எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள்.
– வாசகி, கல்முனை

பதில்: இல்லை. ஒருவருடைய நோய், முறையிட்டவரின் பெயர், முடியாத விசாரணை, திறக்காத விலைமனு ஆகிய நான்கும் உங்கள் வாயில் வரக்கூடாது. ஆனால் "அப்படி ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிடாதீர்கள், அது பொய். "ஒரு விசாரணை நடக்கிறது. முடியும்வரை அதைப் பற்றி நான் பேசமாட்டேன். முடிந்ததும் நடைமுறையில் என்ன மாற்றம் என்று சொல்வேன்" என்று சொல்லுங்கள். மறைக்கிறீர்கள் என்பதையும் ஏன் மறைக்கிறீர்கள் என்பதையும் திறந்து சொல்வதால் விசாரணைக்கு ஒரு பாதிப்பும் வராது. முடிந்த பிறகு அந்த மாற்றத்தைச் சொல்ல மறக்காதீர்கள், பலரும் தவறவிடுவது அதைத்தான்.

கேள்வி: அரிசி ஆலை நடத்துகிறேன், 14 பேர் வேலை. என்ன பிழை நடந்தாலும் வந்து சொல்லுங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், ஒருவரும் வருவதில்லை. போன போகத்தில் ஈரநெல் கலந்து அடுக்கியது எனக்குத் தெரியவந்தபோது 40 மூடை சூடேறி மஞ்சளடித்துவிட்டது. இரண்டு பேருக்கு முதலே தெரியுமாம்.
– ஆலை உரிமையாளர், சம்மாந்துறை

பதில்: கதவைத் திறந்து வைத்தால் போதாது, உள்ளே வருபவர் சுமக்கும் பாரத்தைப் பாருங்கள். அவர் நாள்சம்பளக்காரர். முதலாளியின் அறைக்கு அவர் போவதை மற்ற 13 பேரும் காண்பார்கள், ஆளைக் காட்டிக்கொடுக்கப் போகிறான் என்பார்கள். சொன்னால் 40 மூடை தப்பும், ஆனால் ஏச்சு அவருக்கு. சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் நடக்காமலும் போகலாம். இந்தக் கணக்கில் யாரும் பேசாமல்தான் இருப்பார்கள்.

நீங்கள் அவர்களிடம் போங்கள். காலையில் இயந்திரம் போடுமுன் ஐந்து நிமிடம், நின்றபடியே. "பிரச்சினை ஏதாவது இருக்கா" என்று கேட்டால் "இல்லை முதலாளி" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறுக்குங்கள்: "நேற்று இறங்கின நெல்லில் எந்த லோட் ஈரம் கூட?" "றப்பர் உருளை எத்தனை மூடைக்குப் பிறகு மாற்றினது?" "நேற்றுக் குருணை கூடவா, குறையவா?" இப்படிக் கேட்டால் பதில் ஒரு தகவலாக வரும், யாரையும் காட்டிக்கொடுத்ததாக இருக்காது.

அளவையும் அவர்கள் கையில் கொடுங்கள். அடுக்குவதற்கும் குற்றுவதற்கும் நெல்லின் ஈரம் 14 வீதத்தளவில் இருக்க வேண்டும். வெட்டு இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல் 20 வீதத்துக்கு மேலும் இருக்கும். ஈரமானியை உங்கள் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால், இறக்குபவர் நெல்லைக் கடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலாளியின் முன்னால் பல்லை நம்பி ஒரு லோட்டை நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? மானி இறக்கும் இடத்தில் தொங்கட்டும். ஒவ்வொரு லோட்டிலும் மேல், நடு, அடி என்று மூன்று மூடையில் அளந்து பலகையில் எழுதட்டும். 14 க்கு மேல் இருந்தால் யாரையும் கேளாமல் ஒதுக்கி வைக்கும் அதிகாரம் இறக்குபவருக்கு இருக்கட்டும். ஜப்பானின் டொயோட்டா வாகனத் தொழிற்சாலைகளில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ வேலையை நிறுத்தலாம் என்ற முறை இருக்கிறது. அப்படி அழைத்தவரிடம் மேற்பார்வையாளர் உடனே வந்து உதவுவார். உங்கள் ஆலைக்குக் கயிறு தேவையில்லை, அந்த அதிகாரம் போதும்.

முதன்முதலாக ஒருவர் வந்து பிழையைச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் முதலே சொல்லல்ல?" என்று உங்கள் வாயில் வரும். அதை விழுங்கிவிட்டு, "சொன்னது நல்லது, இப்ப எத்தனை மூடையைப் பிரிக்கலாம்?" என்று கேளுங்கள். உங்கள் முகத்தை மற்றப் பதின்மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து யார் வருவார், வரமாட்டார் என்பது அங்கேயே தீர்ந்துவிடும்.

பிழைக்கும் களவுக்கும் கோடு எது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். தானாக வந்து சொன்ன பிழைக்குச் சம்பளத்தில் வெட்டு இல்லை. தெரிந்தே மறைத்ததற்கும் மூடை கடத்தியதற்கும் மன்னிப்பு இல்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு தடவையாவது வெட்டினீர்கள் என்றால் மறுபடி கட்டியெழுப்ப இரண்டு போகம் பிடிக்கும். அந்த இரண்டு பேரையும் இப்போது தண்டிக்கவும் வேண்டாம். அவர்கள் பேசாமல் இருந்தது உங்கள் பழைய முறைக்குப் பொருந்திய நடத்தைதான்.

கேள்வி: எங்கள் ஊரில் சங்கம் ஒப்பந்தம் எடுத்து ஒரு கொங்கிறீட் வீதி போட்டது. தலைவர் கணக்குக் காட்ட மறுக்கிறார். தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் சங்கத்திடம் கேட்கலாமா?
– வாசகர், அம்பாறை மாவட்டம்

பதில்: முதலில் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையைப் பாருங்கள். எத்தனை உறுப்பினர் ஒப்பமிட்டால் விசேட பொதுக்கூட்டம் கூட்டலாம் என்று அதில் இருக்கும். எழுத்தில் கேட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

சட்டத்தின்கீழ் கேட்பதென்றால் வேலையைக் கொடுத்து காசும் கொடுத்த அரச அலுவலகத்திடம் கேளுங்கள். அது பிரதேச செயலகம் என்றால் அங்கேயுள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. "வீதிக் கணக்கு முழுவதும்" என்று கேட்டால் இழுபடும். ஒப்பந்தப் பிரதி, மதிப்பீடும் அளவுப் பட்டியலும், அளவீட்டுத் தாள்கள், ஒவ்வொரு கொடுப்பனவின் திகதியும் தொகையும் என்று நான்கையும் வரிசையாகக் கேளுங்கள். கையளித்ததற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள், நாட்கள் அதிலிருந்துதான் எண்ணப்படும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தருவதென்றால் அந்த முடிவிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். தகவல் பெருந்தொகையாக இருந்தால் 21 நாள்வரை நீட்டலாம். மறுத்தால், அல்லது பேச்சே இல்லையென்றால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அதிலும் தீராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். அரச நிதியாலோ வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு நிதியாலோ கணிசமாக நடந்து மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய தகவல் அளவில், இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன.

அளவுப் பட்டியல் கைக்கு வந்ததும் நீளம், அகலம், தடிப்பு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு அளவு நாடாவோடு வீதிக்குப் போங்கள். நீளமும் அகலமும் யாரும் அளக்கலாம். தடிப்பு மண் அணைக்காத ஓரத்தில் தெரியும், ஆனால் ஓரம் மட்டும் தடிப்பாக வார்த்த வீதிகளும் உண்டு. தாளில் உள்ளதற்கும் தரையில் உள்ளதற்கும் வித்தியாசம் இருந்தால் படத்தோடு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள், தலைவரின் பெயரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கேள்வி: கோயிலில் புதிதாக வண்ணக்கர் (கோயில் நிருவாகி) பொறுப்பு எடுக்கப்போகிறேன். நகைகளை எப்படிப் பொறுப்பேற்பது?
– வாசகர், படுவான்கரை

பதில்: எண்ணி வாங்க வேண்டாம், நிறுத்து வாங்குங்கள். "அட்டியல் 1, பொட்டு 6" என்ற பழைய பட்டியலில் எண்ணிக்கை சரியாக இருக்கும், எடை மாறியிருக்கும். ஊருக்குப் பொதுவான ஒரு பொற்கொல்லரை அழையுங்கள். பழைய வண்ணக்கர், நீங்கள், கோயிலுக்கு உரித்துள்ள ஒவ்வொரு குடியிலும் (தாய்வழிக் குலத்திலும்) ஒருவர் என்று கூடியிருக்க, பொருள், எடை கிராமில், கல் எத்தனை, பழுது ஏதும் உண்டா, கொடுத்தவர் யார் என்று பதிந்து ஒவ்வொன்றையும் ஓர் அடிமட்டத்தோடு படம் எடுங்கள். எல்லாரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட வேண்டும். பழைய பட்டியலோடு ஒத்துவராத பொருளை அந்த இடத்திலேயே "இவ்வளவு குறைவு" என்று எழுதுங்கள். பழைய வண்ணக்கரின் மனம் நோகும் என்று அன்று விட்டால், அடுத்த கைமாற்றத்தில் அந்தக் குறை உங்கள் கணக்கில் நிற்கும். அவர் முகம் வாடாமல் இருக்க வழி இருக்கிறது: நிறுக்கப்போவதை ஒரு மாதம் முன்பே அவரிடம் நேரில் சொல்லி, அவரையே முன்னின்று செய்யச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு எடுக்கும்போதும் திரும்ப வைக்கும்போதும் இதே பட்டியலில் திகதி போட்டு ஒப்பம் வைத்தால் போதும்.

கேள்வி: குளத்தில் இம்முறை தண்ணி குறைவு. போக ஆரம்பக் கூட்டத்தில் முழுதையும் சொன்னால் சனம் குழம்பும், ஓரளவு சொல்லிவிட்டுப் பிறகு முறைத்தண்ணி (முறைவைத்துப் பாய்ச்சும் தண்ணி) விடலாம் என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் பேச்சு. சரியா?
– வட்டைவிதானை (வயல்களுக்குத் தண்ணி பங்கிடும் பொறுப்பாளர்), வெல்லாவெளிப் பக்கம்

பதில்: சரியில்லை. விதைத்த பிறகு சொல்லும் உண்மை விதைத்தவருக்கு உதவாது. சிறுபோகத்தில் ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணி ஓர் ஏக்கர் அடி) என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கணக்கிட்டு, குளத்தில் பாய்ச்சக்கூடியது 6,000 ஏக்கர் அடி என்றால் 1,200 ஏக்கர்தான் விதைக்கலாம். அந்த மூன்று இலக்கத்தையும் கூட்டத்தில் பலகையில் பெரிதாக எழுதுங்கள். முதல் தண்ணி திறக்கும் திகதி, கடைசித் தண்ணி நிற்கும் திகதி, அதற்குள் முற்றும் மூன்று மாத நெல்லினம், எந்தக் கண்டம் (வயல்தொகுதி) இம்முறை விடுபடுகிறது, அடுத்த முறை அதற்கு என்ன முன்னுரிமை என்பதையும் அன்றே சொல்லித் தீர்மானத்தில் எழுதுங்கள். குழப்பம் வரும்தான். ஆனால் சித்திரையில் மண்டபத்தில் வரும் குழப்பத்துக்கு வழி இருக்கிறது. கதிர் பால்பிடிக்கும் நேரம் வாய்க்கால் கட்டில் மண்வெட்டியோடு வரும் குழப்பத்துக்கு வழி இல்லை. கடைக்கண்டத்துக் கமக்காரரை முன்வரிசையில் இருத்திப் பேசுங்கள், தண்ணி கடைசியாகப் போவதும் முதலில் நிற்பதும் அவர்களுக்குத்தான்.